விரலால் மூடிய வரி

என் தெரேசுக் கண்ணு,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ குருசுக்குப்பத்திலும் நான் வைத்திக்குப்பத்திலும் இருந்தவரை கடிதத்துக்கு என்ன வேலை இருந்தது? வாயில் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு நடந்தால் அது கரைவதற்குள் உன் வீட்டு வாசல் வந்துவிடும். இப்போது நடந்து வர முடியாத இடத்தில் இருக்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

"சுத்தி வளைக்காத அமுதா, விஷயத்த சொல்லு" என்பாய். சரி, சொல்லிவிடுகிறேன். உன் தம்பி அந்துவானிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நீ போய் ஒரு வருஷம் கழித்து, போன மாதம்தான் சொன்னேன். அவனுக்கு எப்படி இருந்தது, எனக்கு எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் பின்னால் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில்தான் நாம் பழகினோம். மில்லை மூடிய பிறகு என் வீட்டுக்காரருக்கு நிலையான வேலை இல்லை. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு முட்டி போய்விட்டது. நான் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். பக்கத்து மெஷின் உன்னுடையது. என்னைவிட இரண்டு வயது சின்னவள். நான் காலர் வைத்துத் தள்ளுவேன், நீ பொத்தானுக்குக் காஜா எடுப்பாய்.

முதல் வாரம் சூப்பர்வைசர் நம்மை நிற்க வைத்து அரை மணி நேரம் பேசினார். நிறுவனம் ஒரு குடும்பம் என்றார், உழைப்பு தெய்வம் என்றார், போன வருஷம் எத்தனை பள்ளிக்கூடம், இந்த வருஷம் எத்தனை பள்ளிக்கூடம் என்றார். எல்லாரும் தலையாட்டினோம். அவர் போனதும் நீ ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாய்: "தீவாளிக்கு லீவு கெடையாதாம்."

அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே இல்லையே என்றேன். "வரல. ஆனா அதச் சொல்லத்தான் வந்தாரு. நீ வேணா பாரு" என்றாய். தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணி வரை காலர் தைத்துக்கொண்டிருந்தபோது உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ சிரிக்கக்கூட இல்லை.

இந்தப் பழக்கம் உனக்கு எப்படி வந்தது என்று பிறகுதான் தெரிந்தது. உன் அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். உங்கள் தெருவில் எல்லாருக்கும் உன் வீடு 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு. அவருக்குக் கடல் தாண்டிக் கடுதாசிகள் வரும். கண் மங்கிப் போனதால் பத்து வயசிலிருந்தே நீதான் படித்துக் காட்ட வேண்டும். உனக்குப் பிரெஞ்சு அரைகுறை. அவருக்கோ பொறுமை கிடையாது. "அலோர், சரி, என்ன சொல்றான்?" என்று பிரம்பு நாற்காலியில் சாய்ந்தபடி கேட்பார். பக்கம் முழுக்கப் படித்தால் திட்டு விழும். ஒரே வரியில் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் நான் இருக்கும்போதே அப்படி ஒரு கடுதாசி வந்தது. நீ கண்ணை ஓட்டிவிட்டு, "நீங்க உயிரோட இருக்கீங்களான்னு கேக்கறாங்கப்பா" என்றாய். அவர் யோசித்து, "இருக்கேன்னு எழுது" என்றார். நாம் இரண்டு பேரும் அடுப்பங்கரைக்கு ஓடிப்போய்ச் சிரித்தோம். பென்ஷனுக்காக வருஷா வருஷம் உயிரோடு இருக்கும் சான்று அனுப்ப வேண்டும் என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. "அந்த ஊர் கடுதாசில கடைசி பத்தி முழுக்க மரியாதை. அத உட்டுடு. மேல எங்க 'நீங்க'ன்னு வருதோ அங்க தேடு" என்றாய்.

எனக்கு அப்போது படிப்பில் ஓர் ஆசை வந்திருந்தது. பள்ளிக்கூடங்களில் உதவியாளர் வேலைக்கு ஆள் எடுப்பார்கள், பத்தாவது தேறியிருக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். நான் ஒன்பதாவதோடு நின்றவள். தனித்தேர்வராக எழுதினேன். எல்லாவற்றிலும் தேறித் தமிழில் தோற்றேன். பேசுகிற மொழியிலேயே தோற்றவள் என்று வீட்டில் என் மாமனார் ஒரு வாரம் சிரித்தார்.

அழுதுகொண்டே வந்தவளிடம் நீ வினாத்தாளை வாங்கிப் பார்த்தாய். ஒரு பத்தியைக் கொடுத்து, அதன் மையக்கருத்தை ஒரு வாக்கியத்தில் எழுதச் சொல்லியிருந்தார்கள். ஏரியைப் பற்றிய பத்தி. நம் முன்னோர் ஏரி வெட்டினார்கள், அதில் கொக்கும் நாரையும் வந்தன, மாடுகள் நீர் குடித்தன, ஏரி இருந்ததால்தான் ஊர் இருந்தது, கரையில் புளியமரங்கள் நின்றன. இப்படிப் போகும்.

"நீ என்ன எழுதுன?"

"கொக்கு."

"கொக்கா?"

"கொக்கு நல்லா இருந்துச்சுடி."

நீ தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நானும் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். அப்புறம் என் கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலைக் காகிதத்தின் மேல் வைத்தாய்.

"ஒவ்வொரு வரியா மூடு. கொக்க மூடு. மிச்சம் நிக்குதா? நிக்குது. மாட்ட மூடு. நிக்குது. இப்ப 'ஏரி இருந்ததால்தான் ஊர் இருந்தது', இத மூடு. கொக்கும் மாடும் புளியமரமும் எதுக்கு வந்தோம்னு தெரியாம முழிக்குது பாரு. அப்ப அதான் விஷயம்."

நான் மறுபடி எழுதியபோது நீயும் என்னோடு தேர்வுக்குப் பணம் கட்டினாய். உனக்கு வேலை ஆசை கிடையாது. அப்பாவை விட்டுவிட்டு நாள் முழுக்க வெளியே இருக்க முடியாது என்று தெரியும். பின்னே எதற்கு என்று கேட்டால், "ஒண்டியா போனா நீ மறுபடியும் கொக்க எழுதுவ" என்றாய்.

நாம் எதைத்தான் விட்டோம்? போண்டா சுற்றி வந்த செய்தித்தாள், கோயில் திருவிழா நோட்டீஸ், சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி, மருந்துக் கடை வாசலில் கட்டியிருக்கும் அறிவிப்பு. எதைப் பார்த்தாலும் "ஒரு வரில சொல்லு" என்பாய். பெரிய மார்க்கெட்டில் இரண்டு பேர் பூக்கூடை வைக்கும் இடத்துக்காக அடித்துக்கொண்டு நின்றார்கள். பரம்பரை, பாட்டன், வழக்கு, போலீஸ் என்று என்னென்னவோ சொல்லிக் கத்தினார்கள். நான் உன் காதில், "வெயில் அந்தாண்ட அடிக்குதாம், அதான்" என்றேன். நீ என் முதுகில் ஓங்கித் தட்டினாய். "தேறிடுவடி" என்றாய். எந்த மார்க்கும் அந்தத் தட்டுக்கு ஈடில்லை.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது தேர்வுத் துறையிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. பிறந்த தேதியில் ஏதோ வித்தியாசம். 'பார்வையில் காணும் தங்கள் விண்ணப்பத்தில்' என்று தொடங்கி, 'என்பதாலும்', 'எனினும்', 'மேற்படி' என்று பத்து வரி ஒரே வாக்கியமாகப் போயிற்று. பாதியில் 'முரண்பாடு' என்ற சொல்லைப் பார்த்ததும் படிப்பதை நிறுத்திவிட்டேன். எல்லாம் போச்சு என்று உன் வீட்டுக்கு ஓடி வந்தேன்.

நீ காகிதத்தை வாங்கி நேராகக் கடைசிச் சொல்லைப் பார்த்தாய். "ஏத்துக்கிட்டாங்க" என்றாய்.

"படிக்கவே இல்லியேடி!"

"தமிழ்ல விஷயம் கடைசில உக்காந்திருக்கும். 'ஏற்றுக்கொள்ளப்படுகிறது'ன்னு முடியுது பாரு. 'இயலாது'ன்னு முடிஞ்சிருந்தா அழலாம். மொதல்ல கடைசி வார்த்தைய படி, அப்புறம் யாரு, எதுன்னு பின்னால போ. நடுவுல இருக்கறவங்கல்லாம் கூட வந்தவங்க."

இன்றைக்கும் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட அலுவலகத்துக்குச் சுற்றறிக்கை வந்தால் கடைசிச் சொல்லிலிருந்துதான் படிக்கிறேன். தலைமையாசிரியைக்கே அதில் ஆச்சரியம். "எப்படி அமுதா அதுக்குள்ள சொல்றீங்க?" என்பார். என் சிநேகிதி ஒருத்தி என்று சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொள்கிறேன்.

நாம் இரண்டு பேரும் தேறினோம். எனக்கு வேலை கிடைத்தது. நீ காஜா எடுத்துக்கொண்டே இருந்தாய். அதற்காக ஒரு நாளாவது நீ வருத்தப்பட்டாயா? கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்து கேட்காமலேயே விட்டுவிட்டேன்.

மூன்று வருஷம் கழித்து உன் அப்பா இறந்தார். அந்துவான் இருபது வயசிலேயே பிரான்சுக்குப் போனவன். அடக்கத்துக்கு வரவில்லை. அவனுக்கு டிக்கெட் கிடைத்தது, லீவும் கிடைத்தது என்று உறவுக்காரர் ஒருவர் சொல்லிவிட்டார். இரண்டு வாரம் கழித்து அவனிடமிருந்து நாலு பக்கக் கடிதம் வந்தது. தமிழில்தான் எழுதியிருந்தான். நீ வாசற்படியில் நின்றபடியே படித்து மடித்தாய்.

"என்னாடி சொல்றான்?" என்றேன்.

"'நான் வரல'ன்றான். அதான் விஷயம். மிச்சம் நாலு பக்கமும் காரணம்."

அந்த மடிப்பை நீ எட்டு வருஷம் பிரிக்கவில்லை. அவன் போன் செய்தால் எடுக்க மாட்டாய். பக்கத்து வீட்டு மரியம்மாக்கா வழியாகத்தான் அவன் உன் நலம் கேட்பான். நான் பேசிப் பார்த்தேன். "நீ இதுல வராத அமுதா" என்றாய். வரவில்லை. வந்திருக்க வேண்டுமோ?

இனிமேல் எழுதப் போவது எனக்குக் கஷ்டமான பகுதி.

போன வருஷம் நீ மெலிய ஆரம்பித்தாய். ரவிக்கையை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாய். சாப்பிட்டால் வயிற்றுக்கு மேலே வலி. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேன் எடுத்து நாலாம் நாள் ரிப்போர்ட் வாங்கப் போனோம். கூட்டம். நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாய். கூட வந்தவர் யார் என்று கூப்பிட்டார்கள், நான் உள்ளே போனேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். நான் உன் அக்காவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வராந்தாவில் நின்று ரிப்போர்ட்டைப் பார்த்தேன். இங்கிலீஷ்தான். ஆனாலும் நீ பழக்கிய கண் ஆயிற்றே. அளவுகள், உறுப்புகளின் பெயர்கள் எல்லாவற்றையும் தாண்டி அடியில் 'இம்ப்ரெஷன்' என்று போட்டிருந்த இடத்துக்குத் தானாகப் போயிற்று. மூன்று வரி. முதல் வரி கணையத்தில் கட்டி, கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்றது. இரண்டாவது வரி பித்தப்பையில் சின்னக் கல் என்றது. மூன்றாவது வேறு ஏதோ. ரத்தம் குறைவாக இருப்பதைத் தனிச் சீட்டில் எழுதியிருந்தார்கள்.

வெளியே வந்தேன். நீ முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாய்.

"என்ன சொல்றான்?" என்றாய், உன் அப்பா கேட்பது மாதிரியே.

"பித்தப்பையில கல்லு இருக்காம். ரத்தம் கம்மியா இருக்காம். நல்லா சாப்புடணுமாம்."

தெரேசு, நான் சொன்ன ஒவ்வொரு வரியும் அந்தக் காகிதங்களில் இருந்தது. நான் இல்லாததைச் சொல்லவில்லை. முதல் வரியை மட்டும் விரலால் மூடிவிட்டேன். எந்த வரியை மூடினால் மற்றதெல்லாம் அர்த்தமில்லாமல் நிற்குமோ, அந்த வரியை. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவளிடமே அதைச் செய்தேன்.

ஏன் செய்தேன்? உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் நீ மீன் குழம்பு இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டாய். இன்னும் ஒரு நாள் இப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது. இப்படியே பதினாலு நாள் ஓடிவிட்டது.

அந்த நாட்களில்தான் மரியம்மாக்கா வந்தார். "அந்துவான் பேசினாம்மா. ஒனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னேன். இப்ப வரட்டுமா, இல்ல டிசம்பர்ல பிள்ளைங்க லீவுல வரட்டுமான்னு கேக்கறான்" என்றார். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக நீ உடனே 'வேணாம்' என்று சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"என்ன சொல்ற அமுதா? இப்பவே வரச் சொல்லட்டா?"

நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். "டிசம்பர்லயே வரட்டுமே. இப்ப என்ன அவசரம்?"

அப்போது ஆகஸ்ட் மாதம்.

நீ அப்படியே மரியம்மாக்காவிடம் சொல்லி அனுப்பினாய். நான் வீட்டுக்கு வந்து கடல் பக்கம் போய் உட்கார்ந்தேன். படகைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். யாரோ என்னை ஒரு கை பிடிக்கச் சொன்னார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

பதினாலாம் நாள் நீயே வைத்திக்குப்பத்துக்கு நடந்து வந்தாய். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தாயாம். "ரிப்போர்ட்ட குடு" என்றாய்.

"எங்க வச்சேன்னு தெரியலடி."

"துணிக்கு அளவெடுத்த சீட்டகூட வருஷக்கணக்கா பத்திரமா வைக்கறவ நீ. எடு."

பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நீ கீழே உட்கார்ந்து, அடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு எழுத்தாக என் மகளின் செல்போனில் தட்டி அர்த்தம் பார்த்தாய். முடித்துவிட்டு நீ காகிதத்தைத் திரும்ப உறையில் போட்டாய்.

"எத்தன நாளா தெரியும்?"

"பதினாலு."

திட்டுவாய் என்று காத்திருந்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். நீ மெதுவாகத்தான் சொன்னாய்: "அந்தப் பதினாலு நாளும் என்னுதுடி. உன்னுது இல்ல."

ஆட்டோ கூப்பிட்டுத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று எழுந்து போனாய். அன்று சாயங்காலம் மரியம்மாக்கா போனை வாங்கி, எட்டு வருஷத்துக்குப் பிறகு தம்பியிடம் பேசினாயாம். "அந்துவான், நான் பொழைக்க மாட்டேன். கெளம்பி வா." அவ்வளவுதான். மரியம்மாக்காதான் சொன்னார்.

மூன்று நாள் நீ என்னோடு பேசவில்லை. நான் காலையும் மாலையும் வந்து கஞ்சி வைத்துவிட்டுப் போனேன். நாலாம் நாள் கஞ்சியைக் குடித்துவிட்டு, "உப்பு இல்ல" என்றாய். உன்னிடமிருந்து எனக்குக் கிடைத்த மன்னிப்பு அதுதான் என்று வைத்துக்கொண்டேன். இல்லையா? அது வெறும் உப்பைப் பற்றிய பேச்சுதானா?

அன்றைக்கே அந்துவான் வந்துவிட்டான். தலையில் பாதி நரைத்திருந்தது. வாசலில் நின்று "அக்கா" என்றான். நீ "கால கழுவிட்டு வா" என்றாய்.

அதற்குப் பிறகு உங்களுக்கு இருந்தது பதினோரு நாள். நீ பேசியது கொஞ்சம், அவன் பேசியது நிறைய. ஒரு நாள் நீ பீரோவிலிருந்து அந்த நாலு பக்கக் கடிதத்தை எடுத்து வரச் சொன்னாய். நான் கொடுத்துவிட்டு வெளியே போகப் பார்த்தேன். "இரு, நீயும் கேளு" என்றாய். கடைசிப் பக்கத்தைப் பிரித்து ஒரு வரியைக் காட்டினாய். என்னைப் படிக்கச் சொன்னாய்.

'அப்பாவின் செருப்பு இன்னும் வாசலில்தான் இருக்கிறதா அக்கா?' என்று இருந்தது.

"இத நான் தேவையில்லாத வரின்னு உட்டுட்டேன் அமுதா. ஏதோ பேச்சுக்கு கேக்கறான்னு நெனச்சேன்" என்றாய். அப்புறம் அவனைப் பார்த்து, "அந்த வாசலுக்கு வர பயந்துட்டியாடா?" என்று கேட்டாய்.

அவ்வளவு பெரிய ஆள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்பா இறந்தபோது விமான நிலையம் வரை போனானாம். உள்ளே போக முடியாமல் நாலு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினானாம். அதைத்தான் நாலு பக்கம் எழுதினானாம், எழுத வராமல்.

"நான் தப்பா படிச்சுட்டேன்" என்றாய். எதையும் தப்பாகப் படிக்காதவள் என்று நான் நினைத்திருந்த நீ. உன் கை அவன் தலையில் இருந்தது.

பதினோராம் நாள் காலை, மாதா கோயிலில் பூசை மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் நீ போய்விட்டாய். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

ஒரு விஷயத்தை நீ அவனிடம் சொல்லவே இல்லை. பதினாலு நாள் நான் மறைத்ததை. என்னைக் காப்பாற்றத்தான் சொல்லாமல் விட்டாய் என்று எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை. அடக்கம் முடிந்து அவன் கிளம்பும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா எங்க அக்காவுக்கு யாருக்கா?" என்றான். கையை உருவிக்கொள்ளத் தெரியாமல் நின்றேன்.

போன மாதம், உன் வருஷப் பூசை முடிந்த மறுநாள், அவனிடமிருந்து ஒரு நீளமான செய்தி வந்தது. அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாம். பெரிய மகள் தமிழ் எழுதக் கற்றுக்கொள்கிறாளாம். கல்லறையில் உன் பெயருக்குக் கீழே பிரெஞ்சில் எழுதலாமா தமிழில் எழுதலாமா என்று கேட்டிருந்தான். உன் வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்ற வேண்டியிருக்கிறதா என்று கேட்டிருந்தான். நடுவில் ஒரு வரி: 'ஆகஸ்டில் நான் வரட்டுமா என்று கேட்டபோது அக்கா டிசம்பரில் வா என்றாள். சும்மா நினைத்துப் பார்த்தேன்.' அதன் பிறகு மறுபடியும் ஓடு, குளிர், எல்லாருக்கும் விசாரிப்பு.

பள்ளி வராந்தாவில் நின்றுகொண்டு அதைப் படித்தேன். எந்த வரியை எழுதத்தான் மற்ற எல்லா வரிகளையும் எழுதினான் என்று எனக்குத் தெரியாமல் போகுமா? தன்னைப் பார்க்க இஷ்டமில்லாமல்தான் நீ டிசம்பர் என்று தள்ளினாய் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறான். 'சும்மா' என்ற சொல்லை அதன் மேல் போட்டு மூடிவைத்திருக்கிறான்.

ஓடு மாற்றுவதைப் பற்றிப் பதில் எழுதலாம். கல்லறைக்குத் தமிழ்தான் என்று எழுதலாம். 'உன் அக்காவுக்கு உன் மேல் பாசம்தான் தம்பி' என்று இனிப்பாக ஒரு வரி சேர்க்கலாம். எல்லாம் உண்மையான வரிகள். எனக்கு அது ரொம்ப நன்றாகத் தெரிந்த வேலை.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் யோசித்தேன். சாயங்காலம் அவனுக்குப் போன் செய்தேன். அங்கே மத்தியானம். சாப்பாட்டு மேசையில் தட்டுச் சத்தம் கேட்டது.

"தம்பி, மொதல் வார்த்தையே சொல்லிடறேன். டிசம்பர்ல வரச் சொன்னது உங்க அக்கா இல்ல. நான்."

"என்னக்கா?"

"அவ இப்பவே வரச் சொல்லட்டான்னு என்னைத்தான் கேட்டா. அவளுக்கு என்ன நோய்னு அப்ப எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நான் மறைச்சு வச்சிருந்தேன். நான்தான் டிசம்பர்ல வரட்டும்னு சொன்னேன்."

தட்டுச் சத்தம் நின்றது. அவன் வேறு அறைக்கு நடந்து போவது தெரிந்தது.

"எத்தன நாள் மறைச்சீங்க?"

"பதினாலு நாள்."

"எனக்கு மொத்தமே பதினோரு நாள்தானேக்கா கெடச்சுது" என்றான். ஏதோ காரணம் சொல்ல வாயெடுத்தேன். காரணமெல்லாம் கூட வந்தவை என்று தோன்றியது. "ஆமா தம்பி" என்று மட்டும் சொன்னேன். அவன் போனை வைத்துவிட்டான்.

எட்டு நாள் ஒன்றும் வரவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். என் வீட்டுக்காரர், "சொல்லாமலே இருந்திருக்கலாமே" என்றார். எனக்கும் இரண்டு மூன்று தடவை அப்படித் தோன்றியது. ஆனால் சொன்ன அன்றைக்குத்தான் ஒரு வருஷத்தில் முதல் தடவையாக உன் போட்டோவுக்கு நேராக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஒன்பதாம் நாள் அவன் எழுதியிருந்தான். இந்தத் தடவை குளிரும் இல்லை, ஓடும் இல்லை. அப்படியே உனக்கு எழுதுகிறேன்: 'அக்கா, உங்கள் மேல் கோபம் இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். ஆனால் அவள் என்னைக் கூப்பிட நினைத்தாள் என்று தெரிந்தது. நான் வீட்டை விட்டுப் போனதிலிருந்து எனக்கு அவளைத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். மாதம் ஒரு தடவை அவளைப் பற்றி எழுதுங்கள். என் மகள் படிக்கட்டும்.'

அதைப் படித்துவிட்டு நான் எவ்வளவு நேரம் அழுதேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மாதா மாதம் அவனுக்கு எழுதுவேன். எது முக்கியம், எது தேவையில்லை என்று நான் பிரித்துப் பார்க்க மாட்டேன். உனக்குப் பூனையைக் கண்டால் நடுக்கம் என்பதை எழுதுவேன். பஸ்ஸில் யாராவது அழுதால் யாரென்றே தெரியாமல் நீயும் அழுவாய் என்பதை எழுதுவேன். காபியில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுவிட்டு, டாக்டர் கேட்டால் ஒன்று என்பாய், அதையும் எழுதுவேன். என் மகள் மழையில் நனைந்து வந்த அன்று அவளுக்குக் கவுன் தைத்துக் கொடுத்தாயே, பொத்தான் நட்சத்திரம் மாதிரி வைத்து, அது என்ன நிறம் என்பதுவரை எழுதுவேன். உன்னை ஒரு வரியில் சொல்லச் சொல்லி அந்துவானின் மகள் கேட்டால், முடியாது கண்ணு, எல்லாத்தையும் படி என்று சொல்லிவிடுவேன்.

நீ என்னை ஒரு தடவைகூட அக்கா என்று கூப்பிட்டதில்லை. ஆனாலும் டாக்டரிடம் ஆமாம் என்று சொல்லிவிட்டேன், அதனால் அப்படியே கையெழுத்துப் போடுகிறேன்.

உன் அக்கா,
அமுதா
வைத்திக்குப்பம், புதுச்சேரி